காலணா கொயினாவிலிருந்து பில் ஃபைல் வரை: கிராமத்து மெடிக்கலை யார் சோதிக்கிறது?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தேனி பக்கம் ஒரு கிராமம். எங்க சித்தப்பா அங்க ரொம்ப வருஷமா மெடிக்கல் வெச்சிருக்கார். நான் போன அன்னைக்குன்னு பார்த்து கடைக்கு டிரக் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். நமக்கு வேற வேலை இல்லையா, ஓரமா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

முதல்ல சுவத்துல மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தார். பார்மசிஸ்ட் சர்டிஃபிகேட்டைப் பார்த்தார், அதுல இருக்கிற ஆள்தான் கடையில நிக்கிறாரான்னு கேட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். தேதி முடிஞ்ச மருந்தெல்லாம் தனியா ஒரு பெட்டியில இருக்கான்னு பார்த்தார். அப்புறம் ரேக்ல இருந்து கைக்கு வந்த ஒரு அட்டையை உருவி, பின்பக்கம் இருந்த பேட்ச் நம்பரை வாசிச்சு, "இதுக்கு பில்லைக் காட்டுங்க"ன்னார்.

சித்தப்பா ஃபைலைப் புரட்டினார். ஒரு நாலஞ்சு நிமிஷம் ஆச்சு. எனக்கே வியர்த்துடுச்சு. பில் கிடைச்சது. அதே மாதிரி இன்னும் மூணு மருந்து, மூணு பில். புத்தகத்துல எழுதி, கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பிட்டார். ஒரு மாத்திரையைக்கூடப் பிரிச்சுப் பார்க்கல.

அவர் பைக் தெருமுனை தாண்டினதும் நான் ஆரம்பிச்சேன். "என்ன சித்தப்பா இது, மருந்து நல்ல மருந்தான்னு பார்க்கவே இல்லையே. வெறும் பேப்பரைத்தான் பார்த்துட்டுப் போறாரு."

சித்தப்பா ஃபைலை மேல வெச்சுக்கிட்டே சொன்னார்: "மாத்திரையைப் பார்த்தா உனக்கு என்னடா தெரியும்? எனக்கே தெரியாது. அவருக்கும் தெரியாது."

இன்னைக்கு எபிசோடு முழுக்க இந்த ஒரு வரியைச் சுத்தித்தான். மருந்து விக்கிறவருக்கும் தெரியாது, வாங்குறவருக்கும் தெரியாது, சோதிக்க வர்றவருக்கும் கண்ணால பார்த்துத் தெரியாது. அப்போ ஒரு கிராமத்து கவுண்ட்டர்ல "தரம்"ங்கிறது எங்க இருக்கு? இந்தக் கேள்விக்கு இந்தியாவுல 130 வருஷத்துக்கும் மேலா பதில் தேடிக்கிட்டு இருக்காங்க. அந்தக் கதை எங்க ஆரம்பிக்குதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. தபால் ஆபீஸ்ல.

1892. வங்காள மாகாணம். மலேரியா காய்ச்சல்ல கிராமம் கிராமமா ஜனங்க செத்துக்கிட்டு இருந்த காலம். மருந்து ஒண்ணு இருந்துச்சு, கொயினா. சின்கோனா மரத்துப் பட்டையில இருந்து எடுக்கிறது. டார்ஜிலிங் மலையில அரசுத் தோட்டம் இருந்துச்சு. நம்ம நீலகிரியில நடுவட்டத்துலகூட சின்கோனா போட்டாங்க. மருந்து இருக்கு, ஆனா கிராமத்துல மருந்துக் கடை இல்ல. ஆனா தபால் ஆபீஸ் இருந்துச்சு. சின்கோனா தோட்டங்களைப் பார்த்துக்கிட்டிருந்த ஜார்ஜ் கிங் ஒரு யோசனை சொன்னார்: தபால் ஆபீஸ்லயே வித்தா என்ன?

அஞ்சு கிரெயின் கொயினா, அதாவது இன்னைக்குக் கணக்குல ஏறக்குறைய 320 மில்லிகிராம். ஒரு சின்ன காகிதப் பொட்டலம். விலை ஒரு பைஸ், நம்ம பாட்டிமார் பாஷையில காலணா. அந்தப் பொட்டலத்தைக் கட்டினது யார் தெரியுமா? கல்கத்தா அலிப்பூர் ஜெயில் கைதிகள். போஸ்ட்மாஸ்டர் ஸ்டாம்ப் விக்கிற மாதிரியே காய்ச்சல் மருந்தும் வித்தார்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. போஸ்ட்மாஸ்டருக்கு மருந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. பொட்டலம் எங்க கட்டப்பட்டதோ அங்கயே தரம் முடிவாகிடுச்சு. அவர் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: பிரிக்காம கொடுக்கணும். இதை நான் "சீல்" வழின்னு சொல்வேன். செய்யுறவனும் சீல் வெக்கிறவனும் ஒரே ஆள், நடுவுல யாரும் கை வெக்க முடியாது.

ஆனா நாடு முழுக்க மருந்து விக்கிறது அரசாங்கம் மட்டும் இல்லையே. முதல் உலகப் போருக்கு அப்புறம் வெளிநாட்டு மருந்துகள் கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு, உள்ளூர்லயும் செய்ய ஆரம்பிச்சாங்க. எந்த மருந்துல என்ன இருக்கணும்னு சொல்ல ஒரு சட்டமும் இல்ல. யாரு வேணும்னாலும் கடை போடலாம், யாரு வேணும்னாலும் கலக்கிக் கொடுக்கலாம். பாதி பலத்துக் கொயினா சாப்பிட்ட ஒருத்தருக்குக் காய்ச்சல் திரும்ப வரும். அவர் மருந்தைச் சந்தேகப்பட மாட்டார், தன் உடம்பைத்தான் சந்தேகப்படுவார். மட்ட மருந்தோட கொடுமையே இதுதான், அது தன்னைக் காட்டிக் கொடுக்காது.

1927-ல ஹாரூன் ஜாஃபர்னு ஒரு உறுப்பினர் டெல்லியில மேல்சபையில இதைப் பத்தித் தீர்மானம் கொண்டுவந்தார். மூணு வருஷம் கழிச்சு, 1930-ல, ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. தலைவர், லெப்டினன்ட் கர்னல் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலோட தந்தைன்னு இவரைத்தான் சொல்றாங்க. 1931-ல அறிக்கை வந்துச்சு. நாடு முழுக்க ஒரே மருந்துச் சட்டம் வேணும், சோதிக்க ஆய்வகம் வேணும், மருந்து கொடுக்கிறவன் படிச்சிருக்கணும். சுருக்கமா இவ்வளவுதான்.

அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒன்பது வருஷம். வழக்கமான கதைதான். மருந்து விஷயம் மாகாணங்கள் கையில இருந்ததால ஒவ்வொரு மாகாணமா சம்மதிக்கணும்னு இழுத்து, 1940-ல மருந்துச் சட்டம், 1945-ல விதிகள், அதுல விற்பனைப் பகுதி அமலுக்கு வந்தப்போ 1947 ஏப்ரல். சுதந்திரத்துக்கு நாலு மாசம் முன்னாடி. அடுத்த வருஷம் பார்மசி சட்டம்.

நான் இந்தச் சட்டத்தை வாசிக்க உட்கார்ந்தப்போ தூக்கம் வரும்னுதான் நினைச்சேன். 23-வது பிரிவு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். ஒரு இன்ஸ்பெக்டர் கடையில சாம்பிள் எடுக்கிறது எப்படிங்கிறது அதுலதான் இருக்கு.

முதல்ல, சும்மா எடுத்துட்டுப் போக முடியாது. நியாயமான விலையைக் கொடுக்கணும். எதுக்காக எடுக்கிறேன்னு படிவம் 17-ல எழுதிக் கொடுக்கணும். அப்புறம் கடைக்காரர் கண் முன்னாடியே சாம்பிளை நாலு பங்காப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் சீல் வெக்கணும். கடைக்காரர் விரும்பினா தன்னோட சீலையும் சேர்த்து வெக்கலாம். ஒரு பங்கு கடைக்காரர்கிட்டயே திரும்பப் போகும். ஒண்ணு அரசு ஆய்வாளரோட லேபுக்கு. ஒண்ணு கோர்ட்டுக்காக எடுத்து வெக்கணும். நாலாவது, கடைக்காரர் "இவர்கிட்டதான் வாங்கினேன்"னு யார் பேரைச் சொல்றாரோ அவருக்கு.

லேப் முடிவு தப்புன்னு நினைச்சா 28 நாளுக்குள்ள எதிர்க்கலாம். அப்போ கோர்ட்டுல இருக்கிற பங்கை கொல்கத்தாவுல இருக்கிற மத்திய மருந்து ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. கிராமத்துல பத்து ரூபாய் மாத்திரைக்கு இவ்வளவு ஏற்பாடு. ஒருத்தரும் ஒருத்தரையும் நம்பாத நாலு பேர், ஆளுக்கு ஒரு காப்பி. நம்ம வேலையில இதைத்தான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஸ்லைடு போட்டுக் காட்டுறாங்க.

ஆனா எனக்கு இதைவிடப் பிடிச்சது 19-வது பிரிவோட மூணாவது உட்பிரிவு. மட்டமான மருந்து வித்தா கடைக்காரர் குற்றவாளிதான். ஆனா மூணு விஷயத்தை அவர் நிரூபிச்சுட்டா தப்பிக்கலாம். லைசென்ஸ் உள்ள இடத்துல இருந்து வாங்கினேன். எவ்வளவு கவனமா இருந்திருந்தாலும் இது மட்டமான மருந்துன்னு எனக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. என் கையில இருந்தவரைக்கும் ஒழுங்கா வெச்சிருந்தேன், வந்தபடியே வித்தேன்.

சித்தப்பா சொன்னதுதானே இது! "எனக்கே தெரியாது." அதைச் சட்டமே ஒத்துக்குது. மாத்திரைக்குள்ள என்ன இருக்குன்னு கவுண்ட்டர்ல நிக்கிறவனால சொல்ல முடியாது; அவன் பொறுப்பு ரெண்டே ரெண்டு. எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லணும், வந்ததைக் கெடுக்காம வெச்சிருக்கணும். இன்ஸ்பெக்டர் ஏன் பில்லையும் ஃப்ரிட்ஜையும் பார்த்தார்னு இப்போ புரியுதா? கடையில சோதிக்க முடிஞ்ச தரம் அது ரெண்டுதான். சாம்பிள் எடுத்தா மீதியை லேப் சொல்லும்.

அந்த ஃப்ரிட்ஜ் விஷயத்தை லேசா நினைக்காதீங்க. இன்சுலின் 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். மாத்திரை அட்டையில "30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்"னு போட்டிருக்கும். மே மாசம், தகரக் கூரை, மதியம் ரெண்டு மணி நேரம் கரண்ட் கட். நல்ல கம்பெனி, சரியான பில், ஆனா மருந்து கவுண்ட்டர்லயே போயிடும். சில்லறைக் கடை 10 சதுர மீட்டராவது இருக்கணும்னு விதி சொல்லுது. அந்தக் கடைக்கு மேல எந்தக் கூரை இருக்கணும்னு யாரும் கேக்கல. சித்தப்பா ஃப்ரிட்ஜுக்குன்னே தனியா இன்வெர்ட்டர் போட்டிருக்கார். வீட்டுக்குப் போடல, சித்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டிக்கிட்டுதான் இருக்காங்க.

சரி, பில்லுக்கு வருவோம். வெறும் பேப்பர் ஒரு உயிரைக் காப்பாத்துமா? இதுக்கு 1937-ல அமெரிக்காவுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். மருந்துக் கட்டுப்பாட்டுன்னு எந்த நாட்டுல பேச்சு எடுத்தாலும் இந்தக் கதை வராம இருக்காது.

டென்னசி மாநிலம், பிரிஸ்டல். மாசெங்கில்னு ஒரு மருந்துக் கம்பெனி. அப்போ சல்ஃபானிலமைடுன்னு புது மருந்து, தொண்டைத் தொற்றுக்கெல்லாம் பிரமாதமா வேலை செஞ்சுது. ஆனா மாத்திரையா, பொடியாத்தான் இருந்துச்சு. குழந்தைகளுக்குத் திரவமா வேணும்னு கேட்டாங்க. கம்பெனி கெமிஸ்ட் ஒரு திரவத்துல கரைச்சார், ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார், சுவையைப் பார்த்தாங்க, நிறத்தைப் பார்த்தாங்க. விஷமான்னு பார்க்கல. பார்க்கணும்னு அப்போ சட்டமும் இல்ல. அந்தத் திரவத்தோட பேர் டைஎத்திலீன் கிளைக்கால். தெளிவா, கொழகொழன்னு, இனிப்பா இருக்கும். சிறுநீரகத்தைச் செயலிழக்க வெச்சுடும்.

240 கேலன் செஞ்சு அனுப்பிட்டாங்க. ஏறக்குறைய 900 லிட்டர். ஓக்லஹோமாவுல டல்சாங்கிற ஊர்ல சாவு ஆரம்பிச்சது. செய்தி வந்ததும் கம்பெனி கடைகளுக்கு ஒரு தந்தி அடிச்சது, சரக்கைத் திருப்பி அனுப்புங்கன்னு. ஆபத்துன்னு ஒரு வார்த்தை இல்ல அதுல. அரசு அழுத்தம் கொடுத்த பிறகுதான் "உயிருக்கு ஆபத்தாகலாம்"னு ரெண்டாவது தந்தி போச்சு.

அமெரிக்க மருந்து நிர்வாகத்துல அப்போ இருந்த களப்பணியாளர்கள் 239 பேர். இன்ஸ்பெக்டர், கெமிஸ்ட் எல்லாம் சேர்த்து. கிட்டத்தட்ட எல்லாரையும் ரோட்டுல இறக்கிட்டாங்க. கம்பெனியோட ஷிப்பிங் சீட்டு, சேல்ஸ்மேன் நோட்டு, ஹோல்சேல் கடை பில், கடைசியா சின்னச் சின்ன ஊர் மருந்துக் கடையோட விற்பனைச் சீட்டு. கம்பெனியில இருந்து கடை வரைக்கும் வந்துட்டாங்க. கடையில இருந்து வீட்டுக்குப் போற அந்தக் கடைசிப் படியிலதான் மூச்சு வாங்குச்சு. சில சீட்டுல வெறும் பேர்தான் இருக்கும், முகவரி இருக்காது. சில கடையில சீட்டே போடல.

ஒரு மூணு வயசுப் பையனோட குடும்பம் மருந்து வாங்கிட்டு மலைப்பக்கம் குடிபோயிடுச்சு. அவங்களைத் தேட ஒரு இளம் டாக்டர் தன் கல்யாணத்தையே தள்ளி வெச்சுட்டு அரசு கெமிஸ்ட்டோட கிளம்பினார். ஒரு அம்மா, பாட்டிலை அழிச்சுட்டேன்னு சொன்னாங்க. திரும்பக் கேட்டப்போதான் ஜன்னல் வழியா சந்துல வீசினது தெரிஞ்சுது. போய்ப் பார்த்தா பாட்டில் உடையல, லேபிள்கூடக் கிழியல, உள்ள ஒரு குழந்தையைக் கொல்ற அளவுக்கு மருந்து மீதி இருந்துச்சு.

240 கேலன்ல 234 கேலனுக்கும் கொஞ்சம் மேல பிடிச்சுட்டாங்க. தப்பிச்சது ஆறு கேலனுக்கும் குறைவு. அதுல செத்தவங்க நூறு பேருக்கும் மேல, நிறைய பேர் குழந்தைகள். கம்பெனி மேல போட்ட வழக்கு என்ன தெரியுமா? "எலிக்சிர்"னு பேர் வெச்சா அதுல ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்ல, அதனால லேபிள் தப்பு. அவ்வளவுதான். "கரைசல்"னு பேர் வெச்சிருந்தா அந்தப் பாட்டிலைத் தொடவே சட்டம் இடம் கொடுத்திருக்காது. அடுத்த வருஷமே, 1938-ல, புதுச் சட்டம் போட்டாங்க.

நான் இதைப் படிச்சப்போ அந்த 234 கேலன்தான் கண்ணுல நின்னுச்சு. அதைக் காப்பாத்தினதுல லேபை விட பில்லுக்குத்தான் பங்கு அதிகம். ஆபத்துன்னு சொல்றது லேபோட வேலை. எந்தக் கடையில எந்த அலமாரியில இருக்குன்னு சொன்னது ஏதோ ஒரு சேல்ஸ்மேனோட நோட்டு. சர்வர்ல தப்பா ஒரு கோடு போயிடுச்சுன்னா ரோல்பேக் பண்றோம் இல்லையா, லாக் இல்லேன்னா எங்க போச்சுன்னு எப்படித் தெரியும்? சித்தப்பாவோட ஃபைல் அந்த லாக்தான். அதைத்தான் நான் "வெறும் பேப்பர்"னு சொன்னேன்.

அதே விஷம் நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1972-ல சென்னையில குழந்தைகள் இறந்தாங்க. 1986-ல மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில கிளிசரால்ல கலந்து வந்து 14 பேர் இறந்தாங்க. நீதிபதி லெண்டின் தலைமையில விசாரணை நடந்துச்சு. இதெல்லாம் பெரிய நகரம், பெரிய ஆஸ்பத்திரி.

கிராமத்துக்கு வந்தா, நான் ஆரம்பத்துல சொன்ன அந்தக் காலணா பொட்டலம் திரும்ப வருது. மருந்து விதிகள்ல "கே" அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. யாருக்கெல்லாம் விலக்குன்னு சொல்ற பட்டியல். அதுல 13-வது பதிவு வீட்டு மருந்துகள் பத்தினது. ஆயிரம் பேருக்கு மேல இல்லாத கிராமம், அங்க லைசென்ஸ் உள்ள மெடிக்கல் கிடையாதுன்னா, பெட்டிக்கடையில லைசென்ஸ் இல்லாமலே சில மருந்துகள் விக்கலாம். பாரசிட்டமால், ஆஸ்பிரின், தைலம், கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய், பஞ்சு, பேண்டேஜ், இருமல் சிரப். அந்த வரிசையில கடைசிப் பக்கமா பார்த்தீங்கன்னா, கொயினா மாத்திரை! போஸ்ட்மாஸ்டர் வித்த அதே கொயினா இன்னும் பட்டியல்ல உட்கார்ந்திருக்கு.

நிபந்தனையும் அதே பழைய நிபந்தனைதான். லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட வாங்கணும், கம்பெனி போட்ட பேக்கிங்கைப் பிரிக்காம விக்கணும். சீல் வழி. ஆனா ஒரு வித்தியாசம். அன்னைக்கு சீல் வெச்சவரும் செஞ்சவரும் அரசாங்கம்தான், ஒரே ஒரு மருந்து, வர்றதுக்கு ஒரே ஒரு வழி, தபால். இன்னைக்கு சீல் வெக்கிறது ஆயிரக்கணக்கான கம்பெனிகள். சீலுக்குள்ளயே விஷம் இருந்தா பிரிக்காம விக்கிறதுல என்ன பிரயோஜனம்?

இந்த விலக்கு தப்புன்னு நான் சொல்லல. ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், பக்கத்து மெடிக்கல் எட்டு கிலோமீட்டர், கடைசி பஸ் போயாச்சுன்னா அந்தப் பெட்டிக்கடை பாரசிட்டமால்தான் ஆஸ்பத்திரி. எழுதினவங்களுக்கு கிராமம் தெரிஞ்சிருக்கு. என் சண்டை வேற. மருந்து எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டமான இடத்துலயே லைசென்ஸும் இல்ல, இன்ஸ்பெக்டரும் போறதில்ல. லைசென்ஸ் உள்ள கடையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கணும்னு விதி எழுதினாங்க. 200 கடைக்கு ஒரு இன்ஸ்பெக்டர்ன்னு 2003-ல மஷேல்கர் குழு கணக்கு சொல்லுச்சு. பட்டியல்லயே இல்லாத பெட்டிக்கடை யாரோட 200-லயும் வராது.

2025 ஞாபகம் இருக்கும். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம், இருமல் சிரப் குடிச்ச குழந்தைகளுக்குச் சிறுநீரகம் நின்னுபோச்சு. இருபதுக்கும் மேல சாவு. சிரப் செஞ்சது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை. அக்டோபர் ஆரம்பத்துல தமிழ்நாட்டு அரசு லேப் சாம்பிளைச் சோதிச்சுச் சொன்ன எண்: 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். பாதி பாட்டில் விஷம். பேட்ச் எஸ்.ஆர்-13. அதுக்கப்புறம்தான் "கே" அட்டவணையில இருந்து "சிரப்"ங்கிற வார்த்தையை எடுத்துடலாமான்னு பேச்சு எழுந்துச்சு.

அந்த வாரம் என்ன பண்ணீங்கன்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். ஹோல்சேல் குரூப்ல வாட்ஸ்அப் வந்துச்சாம். ஃபைலை இறக்கி ஆறு மாச பில்லைப் பார்த்திருக்கார். அவர் கடைக்கு அந்த மருந்தே வரல. பத்து நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் மனசு கேக்காம டிவிஎஸ்ஸை எடுத்துட்டு மேல இருக்கிற சின்ன ஊருக்குப் போயிருக்கார். அங்க ஒரு பெட்டிக்கடை, ஒரு அக்கா வெச்சிருக்காங்க. பீடிக்கட்டுக்குப் பின்னாடி ரெண்டு இருமல் சிரப் பாட்டில். வேற கம்பெனி, வேற பேர். சித்தப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது எங்கம்மா வாங்கினே?"ன்னு கேட்டிருக்கார்.

"வேன்ல ஒரு தம்பி வரும்ணே. பிஸ்கட்டோட சேர்த்துக் குடுத்துட்டுப் போகும்."

"பில் எதுவும் குடுத்துச்சா?"

அந்த அக்கா சிரிச்சுட்டு, "ஏண்ணே, உங்க கடைக்கும் வேணுமா? வந்தா சொல்லிவிடவா?"ன்னு கேட்டாங்களாம்.